எரிந்ததாக வைத்துக்கொண்ட கட்டடம்

பழைய கட்டடம் அன்று காலை எரிந்துபோனதாக வைத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அது சாலைக்கு எதிர்ப்புறம் திடமாக நின்றது. நோயாளிகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஆனால் புதுக் கட்டடத்தின் அடித்தள அறையில் உட்கார்ந்திருந்த மூவருக்கும் அது சாம்பல். ஒத்திகையின் விதி அப்படி.

மூவரில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவளை மருத்துவமனையே சர்வர் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்த டாக்டர்களுக்கும் அவள் அக்காதான். கணக்கு, மருந்துக் கிடங்கு, ரத்த வங்கி என்று பழைய கட்டடத்தில் எல்லாமே விர்ச்சுவல் மெஷின்களில் ஓடின. ஒரே இரும்புப் பெட்டிக்குள் தனித்தனிக் கணினிகளாகக் குடித்தனம் நடத்துபவை அவை. தினமும் அவற்றின் நகல்கள் இந்த அறைக்கு வந்து சேரும். அங்கே ஏதாவது ஆனால், நகலிலிருந்து இங்கே எழுப்ப வேண்டும். எதை முதலில் எழுப்புவது என்பதற்கே மாதக்கணக்கில் கூட்டம் நடந்தது. கணக்குப் பிரிவு சம்பளம் என்றது. தலைமை மருத்துவர் தன் மின்னஞ்சல் என்றார். அவள் ரத்த வங்கியை முதலில் போட்டுவிட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒத்திகை தேறினால் விடுப்பு என்று மேலாளர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை வேறு ஊரில் அவள் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை. "இந்தத் தடவையாவது வருவியா, இல்ல அந்தப் பெட்டிதான் உனக்குப் பெருசா?" என்று அக்கா காலையில்தான் கேட்டிருந்தாள். போன தடவை அவள் போகவில்லை. அதற்கு முந்தைய தடவையும்தான்.

முதல் நகலைத் திறந்தாள். திரை கடவுச்சொல் கேட்டது.

அவள் கை அப்படியே நின்றது.

கடவுச்சொற்களைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கிற பழக்கத்தை இங்கே ஒழித்தவளே அவள்தான். எல்லாவற்றையும் ஒரு பெட்டகத்தில் போட்டுப் பூட்டினாள். அந்தப் பெட்டகமும் ஒரு மெஷின். எதிர்க் கட்டடத்தில் ஓடுகிறது. அதன் நகலோ இந்தக் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது.

"என்னக்கா, செலை மாதிரி உக்காந்துட்டீங்க?" என்றான் கேபிள். நெட்வொர்க் பார்ப்பவன். அந்தப் பெயர் வைத்ததும் அவள்தான்.

"சாவிய வீட்டுக்குள்ள வெச்சு வீட்டப் பூட்டிட்டேன்டா."

"எந்த வீடு?"

அவள் சாலைப் பக்கம் கை காட்டினாள். கேபிளுக்குப் புரிந்தது. ஒத்திகையைச் சரிபார்க்க வந்த தணிக்கைக்காரரின் நாற்காலியைப் பார்த்தான். காலியாக இருந்தது. சளி பிடித்த மனிதர், வெளியே போய் இருமிக்கொண்டிருந்தார்.

"அது எங்கக்கா எரிஞ்சுது? லைன் இருக்கு. ஒரு எட்டு உள்ள போய் எடுத்துட்டு வந்துடுங்க. அப்புறமா தனியா எழுதி வெச்சுட்டாப் போச்சு. யாருக்குத் தெரியும்?"

அவள் பெட்டகத்தின் பக்கத்தைத் திறந்தாள். தன் பெயரையும் அடித்தாள். இன்னும் ஒரு தட்டுத்தான். பிறகு வியாழக்கிழமை.

எங்கே எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் இடித்தது. இன்னும் எத்தனை விஷயங்களை இப்படி எட்டிப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருக்கிறாள்? எண்ணிப் பார்க்கவும் தெம்பில்லை. நேர்மை என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. அசதிதான். பக்கத்தை மூடினாள்.

தணிக்கைக்காரர் மூக்கைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"சார், ஃபெயில்னு எழுதிக்கோங்க."

"இப்பத்தானேம்மா ஆரம்பிச்சோம்?"

"ஆமா சார். வாசப்படியிலயே."

அவர் எழுதிக்கொண்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

மேலாளர் படியிறங்கும்போதே குரல் வந்துவிட்டது. "ஒரு பாஸ்வேர்டுக்கா இந்தக் கூத்து? என் மானமே போச்சு. வியாழக்கிழமை மறுபடி ஒத்திகை. லீவ மறந்துடும்மா."

"வியாழக்கிழமையே வைங்க சார். நான் இருக்க மாட்டேன்."

"வெளையாடறியா? நீ இல்லாம யாரு செய்வா?"

"அதத்தான் சார் பாக்கணும்."

எல்லோரும் கேபிளைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க?" என்றான் கேபிள்.

"முடியாதுன்னா முடியாதுதான்," என்று மேலாளர் படியேறிப் போனார். ஒத்திகை முடிந்ததாக அறிவித்தார்கள். அவள் சாலையைக் கடந்து எரியாத கட்டடத்துக்குள் போனாள். கடவுச்சொல்லைக் கையால் இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றை மேலாளரின் அலமாரியிலும் இன்னொன்றை அடித்தள அறையிலும் பூட்டினாள். பிறகு கேபிளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் எட்டிப் பார்க்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இவ்வளவு இருக்காக்கா?"

"இன்னும் பாதிகூடச் சொல்லலடா."

மதியம் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். "புதன்கிழமை பஸ்ஸுல வரேன்."

"லீவு குடுத்துட்டாங்களா?"

"நான் கேக்கல. சொல்லிட்டேன்."

"வேலை போயிடப்போவுதுடி."

"போனா இன்னும் கொஞ்ச நாள் உன்கூட இருப்பேன்."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வரப்போ நல்ல போர்வையா ஒண்ணு எடுத்துட்டு வா," என்றாள் அக்கா. "இங்க ஆஸ்பத்திரில குடுக்கறது ரொம்ப மெல்லிசா இருக்கு."