அஞ்சாம் பாகம்

தக்கலையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற ஜாஸ்பர் நாற்பது வயதிலும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் ஏதோ ஒரு பனி நாட்டு வீடியோ கேம் கம்பெனி.

அந்தக் கம்பெனி ஒரு விளையாட்டைப் பாகம் பாகமாக வெளியிட்டது. கடலுக்குப் போன அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று ஒரு பெண் கரையோரமாகவே நடந்து, அணைந்துபோன கலங்கரை விளக்குகளை ஏற்றிக்கொண்டு போவாள். மொத்தம் ஐந்து பாகம். முதல் பாகம் வந்த அன்று ஜாஸ்பர் கடைக்குப் பின்னால் துப்பிய பலாக்கொட்டை, மூன்றாம் பாகம் வருவதற்குள் மரமாகிக் காய்த்துவிட்டது. அந்தச் சுளையைத் தின்றவர்கள் இன்றும் தக்கலையில் இருக்கிறார்கள். நாலாம் பாகத்தின் கடைசியில் தூரத்தில் ஒரு படகு தெரியும். உள்ளே யார் என்று காட்டுவதற்குள் திரை இருண்டுவிடும்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் ரெஜிலாவும் இதையே விளையாடினாள். லீவில் வந்தபோது லேப்டாப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்தவளுக்கு முதல் பாகத்தை ஏற்றிக்கொடுத்தவன் ஜாஸ்பர்தான். அதன்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவே போன் பேச்சு. படகில் வருவது அண்ணன் என்பான் இவன். வெறும் படகு என்பாள் அவள்.

“மொத்தமா விட்டா என்ன? முறுக்க ஒடச்சு ஒடச்சுத் தாறது போல,” என்றாள் ஒருநாள்.

“மொத்தமா விட்டா நீ ஒரு வெள்ளிக்கிழமையில முடிச்சிருப்ப. பின்ன என்னை எதுக்கு விளிக்கப் போற?”

ரெஜிலா கொஞ்சநேரம் பேசவில்லை. “அது சரிதான்,” என்றாள். அந்தக் கொஞ்சநேரத்தை வைத்து ஜாஸ்பர் ஒரு மழைக்காலத்தைக் கடத்தினான்.

பாகம் பாகமாக வருவதை அவள் நம்பாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் சபைக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் அதன் அறிவிப்பை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். முன்பொரு மாப்பிள்ளையோடு அவள் பெயரை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு போதகர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டுக் கோயில் விருந்து அறிவிப்புக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறியிருந்தார்கள். அடுத்து அவள் ஏறியது குவைத் விமானம்.

ஆகவே, கல்யாணம் கட்டுவோமா என்று ஜாஸ்பர் கேட்டபோது அவள் சொன்னாள்: “தொடங்கின ஒண்ணு முழுசா முடியுகத நான் ஒருக்கா பாக்கணும். அஞ்சாம் பாகம் வந்த அன்னைக்குப் பதில் சொல்லுகேன்.”

அன்றிலிருந்து ஜாஸ்பர் காலை ஜெபத்துக்கு முன்பே கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். எப்போது வரும் என்று கேட்டு இவன் அனுப்பிய மெயில்களின் சூட்டில் அந்த நாட்டில் பனி கொஞ்சம் உருகியதாகவும் கேள்வி.

அவன் யாரிடமோ, “நாலு பாகம் கிட்டியாச்சு, அஞ்சாம் பாகம் வந்தாத்தான் கல்யாணம்,” என்று பேசியது அம்மா செல்லபாயின் காதில் விழுந்தது. மறைந்த கணவர் சத்தியநேசனின் ரப்பர் தோட்டத்தை நாலு பிள்ளைகளுக்கும் நாலு பாகமாகப் பத்திரம் பதிந்தாயிற்று. அஞ்சாம் பாகம் என்றால் அஞ்சாவது பிள்ளை ஒன்று எங்கோ இருக்க வேண்டும். மீன் வாங்கவென்று குளச்சலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய மனிதரை நினைத்துப் பார்த்தாள். அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

அந்த வாரமே கம்பெனி அறிவித்தது. கதவைச் சாத்துகிறோம், அஞ்சாம் பாகம் வராது.

அன்று ரெஜிலா விளித்தபோது ஜாஸ்பர் போனை எடுக்கவில்லை. வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். அது நிற்காமல் அடித்தது. அஞ்சாம் பாகம் கேட்கும் பெண் இவள்தான் என்று ஊகித்துச் செல்லபாய் எடுத்தாள்.

“மக்களே, நீ எந்த அஞ்சாம் பாகத்த நம்பி இருக்கியோ தெரியாது. அது வராது. உள்ளது நாலுதான். உள்ளத வச்சு சம்மதிக்கப்பிடாதா?”

“வராதுன்னு உறுதியா தெரியுமா மாமி?”

“உறுதிதான். அவருக்கு அதுக்கெல்லாம் எங்க தைரியம்?”

சொல்லிவிட்டு, தான் சொன்னதே சரியென்று பட, போனை வைத்ததும் படத்தை நேராகத் திருப்பினாள்.

ஜாஸ்பர் திரும்பி வந்து விளித்தான்.

“மாமி சொல்லித்தான் அறியணுமா? நீங்க ஒளிச்சிட்டீங்க.”

“பதிலும் வராதோன்னு பேடிச்சுப் போனேன்.”

“அப்ப படகுல ஆரு?”

“இனி ஆருக்கும் தெரியாது.”

குவைத்தில் அவள் ஏசியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அண்ணனாவே இருக்கட்டும்,” என்றாள். பிறகு, “ஒண்ணு உண்டு. நம்ம கல்யாண அறிவிப்பப் பாகம் பாகமா வாசிக்கப்பிடாது. மூணு தடவையும் ஒரே ஞாயிறு வாசிக்கச் சொல்லணும்.”

போதகர் சம்மதிக்கவில்லை. அப்படியொரு வழக்கமே இல்லை என்றார்.

முதல் ஞாயிறு போயிற்று. இரண்டாம் ஞாயிறும் போயிற்று. அதற்கடுத்த வாரம் மட்டும் சாதாரண வாரத்தைவிட நீளமாக இருந்தது. குழித்துறை வரை நீண்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

மூன்றாம் ஞாயிறு ஜாஸ்பர் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். போதகர் தாளைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். வாசித்தார்.

ஜாஸ்பர் போனைக் காதுக்குக் கொண்டுவந்தான். “கேட்டியா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க.”