மூன்று நிமிடத்தில் முடிச்சூர்

கட்சியில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் பூவராகன் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அவருக்கு வந்த மனுக்களுக்கெல்லாம் பதில் எழுதியவள் நான், நாகலக்ஷ்மி. ராஜகீழ்ப்பாக்கம் அலுவலகத்தில் வாசலைப் பார்த்த மேசை என்னுடையது. முத்தாலம்மாளுக்கு மட்டும் ஒன்பது பதில் எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் ஒரே வரிதான்: 'தங்கள் கோரிக்கை மத்திய அரசின் வரம்புக்குள் வருவதால் எம்மால் ஆவன செய்ய இயலவில்லை.' எழுதும்போது கை கூசியதில்லை. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

முத்தாலம்மாள் முடிச்சூரில் மீன் விற்கிறவள். அங்கே ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சின்னப் பாலம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுற்றிலும் வயலாக இருந்த காலத்துக்கு அந்தப் பாலம் போதும். இன்று வயலெல்லாம் வீடு. பாலத்தை அகலப்படுத்துங்கள் என்பதுதான் அவள் மனு. 2015 வெள்ளத்தில் காய்ச்சலில் கிடந்த புருஷனை மடியில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். படகு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இந்தக் கார்த்திகையில் அவள் மகள் ஷர்மிளாவுக்குப் பிரசவம். அதே வீடு, அதே தரைத்தளம்.

அண்ணன் எம்.பி.யான மறுநாள், மாலைகளுக்கு நடுவே முத்தாலம்மாள் வந்தாள். ஒன்பது கடிதங்களையும் ரப்பர் பேண்டு போட்டு மேசையில் வைத்தாள்.

“இப்போ நீயே சென்ட்ரலு ஆயிட்ட. இனிமே யார் மேல கைய காட்டுவ?”

அண்ணன் சிரித்தார். முதல் பேச்சே உன் பாலம்தான் அக்கா என்று வாக்குக் கொடுத்தார்.

டெல்லிக்குப் போனதிலிருந்து அவர் பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் மாதிரியே பேசினார். அங்கே தரைவிரிப்பில் நடந்தால் காலடிச் சத்தமே கேட்பதில்லையாம். காலையில் கண் விழித்தால் எந்த ஊர் என்று புரியச் சற்று நேரம் ஆகிறதாம். ஒருநாள் தன் அறை ஜன்னலுக்கு வெளியே முடிச்சூர் ஏரி கிடப்பதாகக் கனவு கண்டாராம். அலையே இல்லாத தண்ணீர், அதன் மேல் ரயில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்ததாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அது கண்ணில் நின்றது. அன்று முழுக்க ஃபைலைப் பிரித்தால் தண்ணீர்தான் தெரிந்தது.

ஆவணியில் ஒரு நாள், நாடாளுமன்றத்தில் யார் பேசுவது என்று தேர்ந்தெடுக்கிற சீட்டுக் குலுக்கலில் அவர் பெயர் வந்தது. பேச மூன்று நிமிடம். பேச்சை நான்தான் எழுதினேன். எப்படி எழுதினேன்? சட்டசபைக்கு எழுதுகிற மாதிரியே. முதலில் கட்சித் தலைவருக்கு வணக்கம், மறைந்த தலைவருக்குப் புகழ், மாவட்டச் செயலாளருக்கு நன்றி, வாக்களித்த மக்களுக்கு நன்றி, கடைசியில் கோரிக்கை. அங்கே இதை யாரும் நீளம் என்று சொன்னதில்லை. ஒருமுறை கேசவன் என்கிற எம்.எல்.ஏ. தலைவர் பெயரைச் சொல்லாமல் நேரே குடிநீர்க் குழாய்க்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் இல்லை. அந்தப் பயம் அண்ணனுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

அன்று காலையிலிருந்து தூறல். அலுவலக டிவி முன்னால் நானும் முத்தாலம்மாளும் உட்கார்ந்திருந்தோம். காலிக் கூடை அவள் காலடியில். வேளச்சேரி சாலைச் சத்தம்கூட மழையில் ஊறி எங்கோ தொலைவில் கேட்டது. திரையில் அண்ணன் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணில் அதே அரைத்தூக்கம். பேச்சில் தலைவர் வந்தார், மறைந்த தலைவர் வந்தார், மாவட்டச் செயலாளர் வந்தார். “என் தொகுதியில் மு...” என்றார். சத்தம் நின்றது.

டிவியில்தான் கோளாறு என்று நினைத்து ரிமோட்டை அழுத்தினேன். கோளாறு இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அது தெரியவில்லை. கையை உயர்த்திப் பேசிக்கொண்டே இருந்தார், கண்ணாடித் தொட்டி மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி. கேமரா வேறு யாரிடமோ போய்விட்டது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. குரலில் மயக்கம்.

“கேட்டீங்களா நாகலக்ஷ்மி? முழுசா சொல்லிட்டேன். போஸ்டருக்குச் சொல்லிடுங்க.”

முத்தாலம்மாள் போனை வாங்கினாள். அவள் சத்தம் போடவில்லை.

“மைக்க அணைச்சிட்டாம்பா. எங்க ஊரு பேரு வெளிய வரல. உங்க தலைவர் வூட்டுக்குள்ள தண்ணி வராது பூவராகா, எங்க வூட்டுக்குள்ளதான் வரும். எங்கள மொதல்ல சொல்லு.”

கூடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். பேச்சில் தலைவரை முதலிலும் முடிச்சூரைக் கடைசியிலும் வைத்தது அவர் இல்லை, நான். பழைய பேச்சைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஐந்தே வரி எழுதினேன். தலைவர் பெயர் ஒன்றிலும் இல்லை. அனுப்பிவிட்டு, வேண்டாம் என்றால் மாற்றித் தருகிறேன் என்றேன். அண்ணன் போனிலேயே ஐந்து வரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, இருக்கட்டும் என்றார்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் மறுபடி அவர் பெயர் வந்தது. எழுந்தார். தூக்கம் எங்கே போயிற்றோ, கண் பளிச்சென்று இருந்தது.

“முடிச்சூர் ஏரித் தண்ணீர் போகிற ரயில் பாலம் குறுகலாக இருக்கிறது. 2015-இல் அந்தத் தண்ணீரின் நடுவே முத்தாலம்மாள் என்பவர் கணவரை இழந்தார். கார்த்திகையில் அதே வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது. அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். பத்து வருடமாக இது என் வேலை இல்லை என்று அவருக்குப் பதில் எழுதியவன் நான்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டார். மீதி நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டிவி முன்னால் என் பக்கத்தில் இருந்த முத்தாலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

சாயங்காலம் கட்சி அலுவலகத்திலிருந்து போன். தலைவர் பெயர் எங்கே என்று கேட்டார்கள். பூவராகனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லையாம். அந்தப் பேச்சை எழுதியது யார் என்று கேட்டார்கள்.

முத்தாலம்மாளின் ஒன்பது கடிதங்களும் மேசையில்தான் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அண்ணன் கையெழுத்து. என் பெயர் எதிலும் இல்லை.

“நான்தான் சார்,” என்றேன். “நாகலக்ஷ்மி. எழுதிக்கோங்க.”