பின்னால் வீசும் பிள்ளை

கண்டியில் எடுத்த முதல் மதிப்பீட்டில் தனத்துக்கு முப்பத்திரண்டுக்கு நான்கு புள்ளிதான் கிடைத்தது. போட்டவள் அங்கே சிகிச்சை கொடுக்கும் இசபெல்.

தனத்துக்கு நான்கரை வயது. இன்னும் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் இப்படி வருகிற பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. மஞ்சள் முடிப் பொம்மை, தகரக் கார், விளையாட்டு டெலிபோன், கோப்பை, கரண்டி, சின்னதும் பெரிதுமாக மரக்கட்டைகள். பெட்டியோடு பதினாறு வரிகள் உள்ள ஓர் அட்டவணையும் இருக்கும். பொம்மைக்கு ஊட்டுகிறதா, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா, இன்னொருவரைத் தன் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறதா? முழுதாகச் செய்தால் இரண்டு, அரைகுறையாகச் செய்தால் ஒன்று. பன்னிரண்டுக்குக் குறைந்தால், கீழ்நாட்டில் உள்ள இல்லமொன்றுக்கு அனுப்பும்படி எழுதுவது வழக்கம். அங்கே எல்லாம் சிங்களம். தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தாலே பெரிய காரியம்.

தனம் பொம்மையைத் தொடவே இல்லை. கட்டைகளை எடுத்து எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள். எங்கே விழுந்தது என்று திரும்பியும் பார்க்கவில்லை. 'பொருட்களை நோக்கமின்றி எறிகிறாள்' என்று இசபெல் எழுதினாள்.

கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. பிள்ளையின் தாய் அழகம்மா கதவோரம் நின்று கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

"என்னென்ன கேப்பீங்கன்னு முன்னுக்கே சொல்லியிருந்தா, நா சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருப்பேனே மிஸ்?"

பழகிய இடத்தில் வைத்து இன்னொரு தடவை பார்க்கலாமா என்று பெரிய டொக்டரிடம் கேட்க இசபெல்லுக்கு ஐந்து நாள் பிடித்தது. அவர் தலை நிமிராமலே சம்மதித்தார். "ஒரு நாள். அட்டவணையில் இருப்பதை மட்டும் பார்."

எண்பத்திரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்து மழையில், பெட்டியைச் சுமந்துகொண்டு, தனத்தின் தோட்டம் இருக்கும் றொசல்லயில் ரயிலைவிட்டு இறங்கினாள். தோட்டத்துக்குள் கால் வைத்து எட்டு வருஷமாகிவிட்டது. பிறந்தது பூண்டுலோயாவில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்தான். ஆறு வயதில் சித்தப்பா சூசைரட்ணம் தன் மகள் என்று சொல்லி அவளைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்து போர்டிங்கில் விட்டார். அந்தப் பதிவால் அவள் பெயர் சித்தப்பா குடும்பத்து இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஏறியது. அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எழுபத்து நான்கில் அவர்கள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவள் இங்கேயே நின்றுவிட்டாள். அங்கேயும் அம்மா கொழுந்துதான் எடுக்கிறாள். இப்போது கூடலூரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. அம்மா சொல்ல யாரோ எழுதுகிறார்கள். 'ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ' என்று எல்லாக் கடிதமும் முடியும். கடைசிக் கடிதம் பதில் எழுதப்படாமல் அவள் கைப்பைக்குள் கிடந்தது.

வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் ரோட்டோரமாகவே இருந்தது. உள்ளே ஏழெட்டுத் தொட்டில்கள், ஒரு மூலையில் தனம். ஆயம்மா மரியநாயகி இரண்டு கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்றாள்.

"வாங்க மிஸ். இவளா? இவ தங்கம். அழுவ மாட்டா, கடிக்க மாட்டா. இந்தா இருக்கானுங்களே, இவனுங்களத்தான் நீங்க கண்டிக்குக் கொண்டு போவணும்."

பெட்டியைத் திறந்ததும் தவழ்கிற பிள்ளைகளெல்லாம் பொம்மைமேல் பாய்ந்தன. தனம் வழக்கம்போலக் கட்டைகளிடம் போனாள். எடுத்தாள். பின்னால் வீசினாள். இசபெல் பேனாவைத் திறந்தாள். ஈரத்தில் மை ஊறிப் படிவத்தின் மூலை நீலமாயிற்று. படிவத்தை உலரட்டும் என்று அடுப்போரம் வைத்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாததால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிள்ளை எல்லாக் கட்டையையும் எடுக்கவில்லை. பெரியவற்றை விட்டுவிட்டுச் சின்னக் கட்டைகளை மட்டும் இரண்டு கையாலும் சரசரவென்று பொறுக்கினாள். கை நிறைந்ததும் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளுக்கு மேலே போட்டாள். இசபெல்லின் பென்சிலை எடுத்துப் பெரிய கட்டைகளின் மேல் குறுக்காக வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு பென்சிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் எடுத்தாள்.

மட்டக்கம்பு. தேயிலைச் செடி மட்டம் பார்க்க, கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் வைத்திருக்கும் கம்பு.

இசபெல்லுக்கு முகம் சுட்டது. கொழுந்துக் கூடை முதுகில்தான் இருக்கும். கூடைக்குள் போடுகிறவள் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? கொழுந்து பறித்துத் தன்னை வளர்த்தவளின் மகளே, 'நோக்கமின்றி' என்று எழுதியிருக்கிறாள்.

சின்னக் கட்டைகள் தீர்ந்ததும் தனம் முதுகை வளைத்து நடந்து வந்து, இசபெல்லுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நின்றபடியே இருந்தாள்.

"என்னவாம்?" என்று இசபெல் மெதுவாகக் கேட்டாள்.

ஆயம்மா சிரித்தாள். "நெறுவைக்கு வந்து நிக்கிது மிஸ். கூடைய எறக்கி நெறுத்துச் சொல்லுங்க. நா சொன்னா கேக்க மாட்டா, கணக்கப்புள்ள மாதிரி உடுத்துனவங்க சொல்லணும்."

இசபெல் இல்லாத கூடையை இரண்டு கையாலும் இறக்கினாள். "எட்டு கிலோ."

பிள்ளை அசையவில்லை.

"எட்டா! எட்டுக் கிலோவுக்கு அரப் பேருதான், அர நாள் சம்பளந்தான் போடுவாங்க மிஸ். பாவம், காலையிலருந்து மழையில நிண்டவ. பதினாறு சொல்லுங்க."

"பதினாறு" என்றாள் இசபெல்.

தனம் திரும்பினாள். முதல் தடவையாக இசபெல்லின் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடுகள் கோணி, சிரிப்பு வந்தது.

பள்ளி விடுமுறைகளில் இசபெல் பூண்டுலோயாவில் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நிற்பாள். அம்மா வருவாள், ஆனால் முதலில் முதுகுதான் தெரியும். கூடையை இறக்கி, நிறுத்து, எண்ணைச் சொன்ன பிறகுதான் அம்மா திரும்புவாள். அந்த முகத்துக்காகத்தான் அவள் அவ்வளவு நேரம் நிற்பாள்.

பன்னிரண்டு மணிக்கு அழகம்மா ஓடி வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, முழங்கால்வரை சேறு. தனம் மறுபடி எடுத்த கட்டை தோளுக்கு மேலே பறப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே வீசாதடி! மூணு நாளா பொம்மைக்கு முத்தங் குடு முத்தங் குடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அவ வீசல" என்றாள் இசபெல். "ஒங்கள மாதிரி கொழுந்து எடுக்கிறா."

அழகம்மா மகளையே பார்த்தாள். "நா மலைக்குப் போனா இவளுக்கு என் நெனப்பே இருக்காதுன்னு இருந்தேன் மிஸ்" என்றாள். பிறகு பயந்த குரலில், "பாஸா?"

இசபெல் புதிதாகக் கூட்டினாள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறாள், இரண்டு. வரிசை மாறாமல் செய்கிறாள், இரண்டு. இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறாள், இரண்டு. சொன்னதற்கேற்ப நடக்கிறாள், ஒன்று. பழைய நான்கோடு பதினொன்று. இரண்டாம் தடவை கூட்டினாள். பதினொன்றுதான். பேச்சு வரிகள் மூன்றும் சைபராகவே இருந்தன. அங்கே ஒன்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தெரியும்.

படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பொடி எழுத்தில், பிள்ளை செய்தது அத்தனையையும் எழுதினாள். மட்டக்கம்பை எழுதினாள், பதினாறை எழுதினாள். முதல் மதிப்பீட்டில் தான் எழுதியது பிழை என்றும் எழுதினாள். பரிந்துரை என்ற இடத்தில், 'தாயோடு இருக்கட்டும். மாதம் ஒரு முறை நான் இங்கே வந்து பேச்சுக்கும் விளையாட்டுக்கும் பயிற்சி கொடுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டொக்டர் கத்துவார்.

"பதினொண்ணுதான். பன்னெண்டு இல்ல" என்றாள். "ஆனா அனுப்பச் சொல்லி நா எழுதல. டொக்டர் கேட்டா நா பதில் சொல்லுறேன்."

மகளைத் தூக்கப் போன அழகம்மா, கை சேறாக இருப்பதைப் பார்த்துச் சேலையில் துடைத்தாள். தனம் அதற்குள் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். "நெறுவைக்கு நிக்கிறா, பதினாறுன்னு சொல்லு" என்றாள் ஆயம்மா.

"பதினாறுடி" என்றாள் அழகம்மா. குரல் உடைந்தது. "பதினாறுக்கும் மேலடி."

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேசன் பெஞ்சியில் பெட்டியைத் திறந்து சரிபார்த்தாள். ஆறு சின்னக் கட்டைகள் குறைந்தன. திரும்பிப் போய்த் தேடவில்லை. கைப்பையிலிருந்து கூடலூர்க் கடிதத்தை எடுத்து, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். 'அம்மா, இன்றைக்கு எத்தனை கிலோ?'