பின்பக்கத்து மதிப்பெண்

நஜ்முன்னிசா டீச்சர் பட்டச் சான்றிதழை என் மேஜைமேல் வைத்தார். பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். தலைமை ஆசிரியை பதவி உயர்வுக்காக, சான்றிதழ் உண்மையானதுதானா என்று கேட்டு எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. 'ஒரு தாளில் தேர்ச்சி இல்லை' என்று பதிலும் தயாராகிவிட்டது. அது போனால் பதவி உயர்வு என்ன, இருக்கிற வேலையே போய்விடும். போலிச் சான்றிதழ் என்று போலீஸ் கேஸும் வரும்.

"அந்தப் பேப்பர்ல ஃபெயிலானது நெசம்தான் மேடம். அப்ப டைபாய்டு. ஆனா அடுத்த அக்டோபர்லயே அரியர் எழுதி பாஸ் பண்ணிட்டேன். அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"ஆணையெல்லாம் வேண்டாங்க. பதிவேட்டப் பாத்துடலாம்" என்றேன்.

"அதான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சே! ஸ்கேன்ல ஃபெயில்தான் இருக்கு" என்றார் பிரிவு அலுவலர் மாதவன். "மூணு மணிக்கு லாரி வந்துடும். பழைய பதிவேட அழிக்கிற பட்டியல்ல நீங்க ஒருத்தர்தான் இன்னும் கையெழுத்துப் போடல மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினேழு வருடமாக இங்கே ஆவணக் காப்பாளர் நான். என் கையெழுத்து என்ன, லாரிக்காரனுக்குக் கொடுக்கிற கேட் பாஸா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

அங்கே பதிவேடுகளை வருடம் பார்க்காமல், பழைய பேப்பர் கடையில் கட்டுவதுபோல எடைக்குத் தக்கபடி கட்டி வைத்திருந்தார்கள். டீச்சரும் நானும் கயிற்றை அறுத்து அறுத்துத் தேடினோம். லாரி வந்து ஹாரன் அடித்தது. ஆட்கள் கட்டுகளைத் தூக்க வந்தார்கள்.

"இதத் தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்கப்பா" என்று ஒரு கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள்.

நாலு மணிக்கு அந்தப் பதிவேடு கிடைத்தது. டீச்சரின் எண்ணுக்கு நேரே ஃபெயில் என்றுதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சிவப்பு மையில் அதே எண், அக்டோபர் 1995, அறுபத்தொன்று, தேர்ச்சி, அதிகாரியின் சுருக்கொப்பம். முன்பக்கக் கட்டத்தில் இடம் போதாமல் அந்தக் காலத்து கிளார்க்குகள் அரியர் தேர்ச்சியைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

"யா அல்லா!" என்று டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

பதிவேட்டுக்குப் பத்துப் பக்கம் மட்டும் புரட்டி, பின்னால் காலிதான் என்று நம்பி, ஸ்கேன் சரியென்று கையெழுத்துப் போட்ட மகராசி நானேதான்.

மாதவன் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் லெட்டர மட்டும் மாத்திடலாம் மேடம். ஸ்கேனே தப்புன்னு எழுதினா உங்களுக்குத்தான் மெமோ வரும்."

"வரட்டும் சார். வாங்கிக்கிறேன்."

அழிக்கும் பட்டியலின் குறுக்கே எழுதினேன்: 'ஸ்கேன் முழுமையானதல்ல. சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது என் தவறு. ஒரு பதிவேட்டையும் அழிக்கக் கூடாது.' லாரி வெறுமனே திரும்பியது.

இதே ஸ்கேனை நம்பி, 'தேர்ச்சி இல்லை' என்று ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களை எடுத்தேன். பதினொன்று. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவரின் பக்கத்தையும் திருப்பினேன். நாலு பேர் பாஸ். முதல் பெயர் வீரமலை, துறையூர். ஆசிரியர் வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போன் போட்டேன்.

"சார், நீங்க பாஸ். பதிவேட்டுல இருக்கு. தப்பு எங்களோடதுதான். என்னோடது."

அவர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"மணிமேகலை மேடம்தானே? இதத்தானே அன்னிக்கு உங்க முன்னாடி நின்னு கெஞ்சுனேன்? கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி, 'நீங்களே பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டீங்களே."

எனக்கு அவர் முகம்கூட நினைவில் இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"நாளைக்கே கடிதம் போயிடும் சார்."

"வேலை கெடக்கட்டும் மேடம். அப்பா பொய்க்காரன்னு எம் பொண்ணு என்கிட்டப் பேசறதே இல்ல."

"அவளக் கூட்டிட்டு வாங்க சார். அந்தப் பக்கத்த நானே அவகிட்டக் காட்டுறேன். உங்கப்பா பொய் சொல்லல, நான்தான் பாக்கலன்னு அவகிட்டச் சொல்றேன்."

வருகிறேன் என்று சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.