அண்ணன் பெயர் ஒட்டிய குழாய்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஸ்பிரிட் வாடை அடித்தது. அண்ணியின் கையைப் பிடித்து அழைத்து வந்த தம்பி சுவரோரம் ஒதுங்கினான். அண்ணி, அண்ணன் பெயர் போட்ட பரிசோதனைத் தாளை மேசைமேல் அறைந்தாள்.

"இதயத்துக்கு ஆபத்து குறைவுன்னு எழுதிக் குடுத்தீங்க. முப்பத்தாறாம் நாள் போய்ட்டாரு. யார் ரத்தத்தப் பாத்தீங்க, ஆட்டு ரத்தத்தையா?"

ரத்தம் எடுக்கும் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். மேலாளர் அவளைக் கைகாட்டினார்.

"இவதான் குழாய மாத்தி ஒட்டியிருப்பா. இன்னியோட நிறுத்திடறேன்மா."

குழாய் சரியாகத்தான் இருந்தது. அன்று ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியவன்தான் தம்பி.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். இருவருக்கும் சர்க்கரை. "அப்பா பிரிச்சுக் குடுத்ததுல இது ஒண்ணுதான்டா சரிபாதி" என்று அண்ணன் சிரிப்பார். இந்த வருடம் சர்க்கரை உள்ள ஓட்டுநர்களுக்குப் புதிதாக ஒரு பரிசோதனை வைத்தார்கள். இதயம் திணறினால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு பொருளை அளப்பது. அண்ணனுக்கோ ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. மாலையில் வீங்கிய காலில் செருப்பு வார் பள்ளம் போட்டது.

"அளவு ஏறியிருந்தா ஸ்டியரிங்கப் பிடுங்கிடுவாங்கடா. உனக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. எவனுக்குத் தெரியப்போகுது? என் பேரச் சொல்லி நீட்டிட்டு வா."

நீட்டினான். தாள் நல்லபடியாக வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி கெஞ்சும்போதெல்லாம் அண்ணன் அந்தத் தாளை எடுத்து ஆட்டினார். யாருடைய ரத்தம் என்பதை அவரே மறந்துபோனார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அதான் எழுதியிருக்கே அண்ணி" என்றான். ஒருநாள் டிப்போவில் வண்டியை நிறுத்திய அண்ணன், ஸ்டியரிங்மேல் தலை சாய்த்தவர் எழவில்லை.

அந்தப் பெண் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தம்பி முன்னால் வந்தான். சட்டைக் கையை மடித்தான்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல அண்ணி. அது என் ரத்தம். அண்ணன்தான் அனுப்பினாரு. நான் போனேன்."

அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, வழியெல்லாம் அவன் பிடித்து வந்த தன் கையை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துடைத்தாள்.