நோரீன் தோட்டத்துப் பந்துகள்

ஹெக்கில்டன் டவுன் கால்பந்துக் கழகத்தின் நூற்றாண்டு வரலாற்றை எழுதியவன் நான்தான். இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஒரு கோப்பைகூட வாங்காத கழகத்துக்கு இத்தனை பக்கம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. தோற்றதையெல்லாம் விவரமாக எழுத இடம் வேண்டாமா? முப்பத்தொரு பிரதி போயிற்று. வாங்கியவர்களில் கடைசிப் பக்கம்வரை படித்தது ஒரே ஒருத்தி. அவள் என் முன்னாள் மனைவி நோரீன்.

அவள் வீடு மைதானத்தின் கிழக்கு வேலியை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் அது என் வீடும்கூட. விவாகரத்தில் வீடு அவளுக்குப் போனது, கழகம் எனக்கு வந்தது. யார் ஏமாந்தது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

தன் தோட்டத்தில் விழும் பந்தை நோரீன் அன்றைக்கே கொடுக்க மாட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்குத் துணிக்கூடையில் போட்டு வாசலில் வைப்பாள்; நான் போய் எடுத்து வருவேன். பேச்சு கிடையாது. இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் எங்கள் கழகம் கால்பந்து உலகத்துக்குத் தன் ஒரே கொடையை வழங்கியது. நாங்கள் முன்னிலையில் இருந்தால் (வருடத்துக்கு நாலைந்து தடவை அந்த விபத்து நடக்கும்) கடைசி இருபது நிமிடம் பந்து கிடைத்தவனெல்லாம் கிழக்கு வேலிக்கு மேலே தூக்கி அடிப்பான். பார்க்க வந்த நாற்பது பேரும் "நோரீனுக்கு! நோரீனுக்கு!" என்று கத்துவார்கள். அடுத்த பந்து வருவதற்குள் ஒரு நிமிடம் கழியும். பதினேழு பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். இந்தத் திட்டத்தில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

சென்ற ஏப்ரலில் பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிரிவில் நீடிப்போம். சமனானால்கூடக் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். எழுபதாவது நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தன் கோலுக்குள் தானே தள்ளிவிட்டான். எங்கள் திறமையால் நாங்கள் முன்னிலை பெற்றோம். உடனே கொடை வழங்கல் ஆரம்பமானது. இடது பின்வரிசையில் ஆடும் டீன் மட்டும் மூன்று பந்து அனுப்பினான். எண்பத்தாறாவது நிமிடத்தில் ஐந்தாவது பந்தும் போனது. பெரிய ஆரவாரம். பிறகு ஒரே அமைதி.

கழகத்திடம் இருந்ததே ஐந்து பந்துதான். பயிற்சிப் பந்துகள் மகளிர் அணியோடு வெளியூர் போயிருந்தன. எதிரணியைக் கேட்டோம். பந்துப்பை பஸ்ஸில் பூட்டியிருக்கிறது, டிரைவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள், சிரிக்காமல்.

நடுவர் என்னிடம் வந்தார். "செயலாளர் நீங்கதானே? பந்து கொடுக்கறது உங்க பொறுப்பு. பத்து நிமிஷம் தர்றேன். இல்லன்னா உங்களால ஆட்டம் நின்னுச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

கழகத் தலைவர் பாரி என் தோளைப் பிடித்தார். "லெஸ்லி, நீதான்யா போகணும்."

"நான் போனா கதவே திறக்க மாட்டா."

"பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துன ஆளு. கதவு தட்டத் தெரியாதா? ஓடுய்யா!"

தட்டுவதற்கு முன்பே நோரீன் திறந்தாள். காலடியில் துணிக்கூடை, அதில் ஐந்து பந்து. கையில் என் புத்தகம்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான்."

"நோரீன், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஆட்டத்துக்கு நடுவுல ஒரு நாய் ஓடிவந்து கொடிக்கம்பத்துல கால தூக்குச்சே, அதுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்க. போட்டோவோட. பன்னெண்டு வருஷம் உங்க சட்டையெல்லாம் துவச்சவ நான். என் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

நான் கூடையைப் பார்த்தேன்.

"சரி, அத விடு. தொண்ணூத்தேழாம் பக்கம். நீயே படி."

படித்தேன். 'அந்த ஜனவரியில் மாவட்டத்தின் எல்லா ஆடுகளங்களும் உறைந்து கிடந்தன. எங்களுடையது மட்டும் அதிர்ஷ்டவசமாகத் தப்பியது.'

"அந்த அதிர்ஷ்டம் யாரு வீட்டுலேர்ந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியும். வீட்டிலிருந்த கம்பளிகளை, கல்யாணத்துக்கு வந்த கம்பளி உட்பட, அவள்தான் சுமந்துபோய், தரை உறையாமலிருக்கக் கோல் முன்னால் விரித்தாள். அன்றிரவு நாங்கள் எங்கள் கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். நான் மறக்கவில்லை. கழகத்தின் கதையில் அதெல்லாம் சேராது என்று நினைத்தேன். நாய் சேர்ந்திருக்கிறது. அந்த வாசலில் நின்றபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"ஒலிபெருக்கில சொல்லு, என் பேரோட," என்றாள். "அப்புறம் பந்து."

மூச்சு வாங்க ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "ஒரு திருத்தம். கழக வரலாறு, பக்கம் தொண்ணூற்றேழு. 'அதிர்ஷ்டவசமாக' என்பதை 'நோரீனின் கம்பளிகளால்' என்று படிக்கவும். பன்னிரண்டு வருடம் அணியின் சட்டைகளைத் துவைத்தவரும் அவர்தான். எழுதியவன் விட்டுவிட்டான். மன்னிக்க வேண்டும்."

நாற்பது பேரும் கை தட்டினார்கள். வேலிக்கு மேலாக ஒரு பந்து வந்தது. பின்னாலேயே நோரீனின் தலை தெரிந்தது. விவாகரத்துக்குப் பிறகு அவள் எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முக்காலி போட்டு ஏறியிருந்தாள்.

ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நிமிடம் வந்தது. பந்து டீன் காலுக்கு வந்தது. "நோரீனுக்கு!" என்று எல்லோரும் கத்தினார்கள். நானும்தான், ஒலிபெருக்கியிலேயே. டீன் தூக்கி அடித்தான். எங்கள் ஆட்கள் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு நடந்தார்கள். கோல்காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து காலுறையைச் சரிசெய்தார்.

இரண்டு நொடியில் பந்து திரும்பி வந்தது.

மனம் ஆறியவள் வேறென்ன செய்வாள்? பந்து நேராக எதிரணிக்காரன் கைக்குப் போனது. அவன் உள்ளே எறிந்தான், இன்னொருவன் காலியாகக் கிடந்த பாதையில் ஓடி வலைக்குள் தட்டிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. நடுவர் கடைசி விசிலை ஊதினார். வேலிக்கு மேலே நோரீன் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பத்து மணிக்குப் போனேன். வாசலில் கூடை இருந்தது, நான்கு பந்துகளோடு. கதவும் திறந்திருந்தது.

"டீ போட்டிருக்கேன், உள்ள வா," என்றாள். "பேனா கொண்டாந்தியா? நேத்து நடந்ததையும் எழுதணும்ல. நாம கீழ இறங்குனது என்னாலதான், பேரோட எழுது. 'துரதிர்ஷ்டவசமாக'ன்னு எழுதுன, தொலச்சுடுவேன்."