ஐஸ் வைத்த போத்தல்

என் கணவர் முத்தலிப் பத்தொன்பது நாளாக என்னோடு ஒழுங்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைத்ததெல்லாம் போத்தலைப் பற்றித்தான். போத்தல் ஏன் இப்படிச் செய்கிறது, போத்தலுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றை வைத்தது யார், போத்தல் இருக்கும் இடத்தில் கோழிக்கு என்ன வேலை. எனக்கு அலுத்துப் போய்விட்டது.

அதைக் கொண்டுவந்தவன் காலிதீன், என் கணவரின் மாமி மகன். எண்பத்தோராம் ஆண்டு சவூதியில் தம்மாமிலிருந்து திரும்பியவன், எல்லோரையும் போல ரேடியோவும் துணியும் கொண்டுவந்தால் போதாதா? இவன் கொண்டுவந்தது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய நீல இரும்புப் போத்தல், அதன் வாயை மூடித் திறக்கிற பித்தளைப் பூட்டு, இரண்டு குழாய், ஒரு பட்டன். உள்ளே நைட்ரஸ் என்ற கேஸ். பட்டனை அமர்த்தினால் கேஸ் எஞ்சினுக்குள் பாய்ந்து, பெற்றோலைக் கூடுதலாக எரிக்கவைத்து, காரைப் பிடரியில் பிடித்துத் தள்ளுமாம். அவன் வாங்கிய வெள்ளைக் காரின் டிக்கியில் அதைப் பூட்டிக் கொடுத்தவர் என் கணவர். கல்முனையில் வீட்டு வளவிலேயே கராஜ் வைத்திருக்கிற பாவத்துக்கு அதுவும் செய்ய வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு ஓட்டப் போட்டிக்காக. மாவடிப்பள்ளியிலிருந்து சம்மாந்துறைக்கு வயல் நடுவே போகிற நேர் ரோட்டில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, அக்கரைப்பற்றுக்காரர் ஒருவரின் காரோடு. ஓட்டப்போவது காலிதீன் இல்லை. நாற்பது மைலுக்கு மேல் போனால் அவனுக்குக் கால் நடுங்கும். ஓட்டப்போவது என் கணவர். அந்த ரோட்டில் மாடு படுத்திருக்கும், வைக்கோல் வண்டி நிற்கும், இரண்டு பக்கமும் பள்ளம். எனக்கு இருப்பது ஒரு புருஷனும் ஒரு பிள்ளையும். அவர் அந்த ஓட்டத்துக்குப் போகக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு துஆ இல்லை.

முதல் நாள் அந்த ரோட்டில் ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. காலிதீன் கேட்டதற்கு, "நல்லா இழுக்குது" என்று மட்டும் சொன்னார். காலிதீனின் வாய் சும்மா இருக்குமா?

"போத்தல் வெயில்ல சூடாகாமப் பாத்துக்க மச்சான். தம்மாம்ல ஒண்டு வெடிச்சி, கராஜ்ர தகரம் மூணு வளவு தாண்டிப் போய் விழுந்திச்சி" என்றான்.

கார் நிற்பது எங்கள் அறைச் சுவரோடு. சுவருக்கு இந்தப் பக்கம் என் மகள் நஸீறா படுக்கிற பாய்.

நான் மீனை ஐஸிலிட்டு விற்கிற வாடிக்காரரின் மகள். பழுதாகக் கூடாதது எதுவானாலும் எங்கள் வீட்டில் ஐஸில்தான் வைப்போம். வெடிக்கக் கூடாததையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் என் உடன்பிறந்த காக்கா மீராசாவின் வாடியிலிருந்து, மரத்தூளில் புதைத்துவைத்த ஐஸ் எடுப்பித்தேன். கணவர் ளுஹர் தொழப் போனதும் டிக்கியைத் திறந்து, ஐஸை உடைத்துச் சாக்கில் கட்டிப் போத்தலைச் சுற்றி வைத்தேன். அவர் வந்து சாப்பிட்டு, பகல் நித்திரை விட்டு எழும்ப முன் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார். தினமும் அப்படியே செய்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே கார் இழுக்கவில்லை. பட்டனை அமர்த்தினால் ஒரு சின்ன உந்தல், அவ்வளவுதான்.

அதிலிருந்து பிடித்தது சனியன். பூட்டு முழுதாகத் திறபடவில்லை என்றார், திறந்தார். வடிகட்டி அடைத்துவிட்டது என்று கழற்றி, நஸீறாவின் பல் பிரஷ்ஷால் தேய்த்தார். கேஸ் ஒழுகுகிறதா என்று பார்க்க, என் வாசனைச் சவர்க்காரத்தைக் கரைத்துக் குழாய் நெடுகப் பூசினார். ஒரு குமிழியும் வரவில்லை, சவர்க்காரம் போனதுதான் மிச்சம். வயரை மாற்றினார். எர்த் பிடிக்கவில்லை என்று பெயின்ற் சுரண்டினார். பெற்றோல் வருகிற சின்னத் துவாரத்தை என் தையல் ஊசியால் குத்தினார், அந்த ஊசியை நான் பிறகு காணவேயில்லை. கேஸ் முடிந்துவிட்டதோ என்று போத்தலை வாடித் தராசில் நிறுத்தும் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. அது முடிந்தால் நிரப்ப இந்த நாட்டில் இடமில்லை என்று காலிதீன் சொல்லியிருந்ததால், ஓடிப் பார்க்கும்போதும் ஒரு மூச்சு மட்டுமே அமர்த்துவார். திரும்பி வந்து பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். இராச் சோறு ஆறும். நான் கூப்பிட்டால், "இந்தா வாறன்" என்பார். ஒருநாளும் வந்ததில்லை.

புதன்கிழமை குணம் அண்ணன் வந்தார். ஆஸ்பத்திரியில் கேஸ் போத்தல்களைப் பார்த்துக்கொள்கிறவர். என் கணவர்தான் வரச் சொல்லியிருந்தார். குணம் அண்ணன் வந்த நேரம் இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் சாக்கை எடுத்திருந்தேன். குணம் அண்ணன் போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"இது சிரிப்பு வாயு தங்கச்சி. ஒப்பரேஷனுக்கு மயக்கம் குடுக்கக்குள்ள நாங்களும் பாவிக்கிற" என்றவர், போத்தலைத் தொட்டதும் கையை இழுத்தார். "என்ன இப்பிடிக் குளிருது? குளிர்ந்தா இதுக்குப் பெலன் இல்ல. அமுக்கம் காட்டுற முள்ளு அப்பிடியே இறங்கிரும். கொஞ்ச நேரம் வெயில்ல வச்சாச் சரி. முத்தலிப்பிட்ட சொல்லுங்க."

"ஓம் அண்ணன், சொல்றன்."

நான் சொல்லவில்லை. இரவில் யோசித்தேன், விடிந்தும் யோசித்தேன். வியாழக்கிழமை பகல் இரண்டு மடங்கு ஐஸ் வைத்தேன். அதுவரை பயத்தில் செய்ததை அன்றைக்குத் தெரிந்தே செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

அன்று பின்னேரம் காலிதீன் நாலைந்து பேரோடு வந்தான். கார் இழுக்காததைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் சத்தமாகச் சொன்னான்:

"நாளைக்கு ஜும்ஆவுக்கு முந்திப் போத்தல் சரிவராட்டி ஓட்டத்த நிப்பாட்டிருவன். ஆனா ஒண்டு மச்சான், ஒரு போத்தலத் திறக்கத் தெரியாதவனிட்ட இந்த ஊர்ல ஆரு இனிக் கார் கொண்டுவருவான்?"

வந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். லொறி எஞ்சினைச் சத்தத்தை மட்டும் கேட்டு நோய் சொல்கிற மனிதர்.  அவர்கள் சிரித்தது என் ஐஸுக்காக.

வெள்ளிக்கிழமை அவர் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, சேர்ட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இஞ்சருங்க. போத்தல்ல ஒரு குறையும் இல்ல. உங்கட வேலையிலயும் இல்ல. நான்தான் ஒவ்வொரு நாளும் ஐஸ் வச்சன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"மூணாம் நாள். போத்தலுக்குக் கீழ மரத்தூள் கெடந்திச்சி."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். 

"அப்ப என்னத்துக்குப் புள்ளட பிரஷ்ஷ எடுத்தீங்க? என்ட சவுக்காரம்? என்ட ஊசி? பதினாறு நாளா என்னத்தத் தேடினீங்க?"

"தேடுற மாதிரி நிக்கணுமே" என்றார். "மொத நாள் அது தள்ளின தள்ளுல, பாலத்தடியில ஒரு மாடு குறுக்க வந்திச்சி. ஒரு சாண் தப்பினன் றாஹிலா. அண்டைக்கே எனக்குப் போதும். போத்தல் சரியில்ல எண்டா ஊர் நம்பும். எனக்குப் பயம் எண்டு எப்பிடிச் சொல்ற?" கடைசிப் பட்டனைப் போட்டார். "இண்டைக்கு ஐஸ் வந்திச்சா?"

இந்த மனிதரை என்ன செய்வது? ஊர் முழுதும் மடையன் என்று சொல்லட்டும் என்று பேசாமல் நின்றிருக்கிறார், பயம் என்ற ஒரு சொல்லுக்காக. கராஜ் கெட்டால் நாங்கள் மூன்று பேரும் எங்கே போவது? கோபத்திலா, அழுகையிலா என்று தெரியாமல் நான் வெளியே போனேன். ஐஸ் என்று மட்டும் சொன்னால் அவரை ஓடத்தான் சொல்வார்கள்; கேஸே இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை, பழியும் என்னோடு போகும்.

பத்தொன்பது நாள் பார்த்ததில் எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்பது எனக்கும் பாடமாகியிருந்தது. டிக்கியைத் திறந்து, குழாயைக் கழற்றி, பூட்டை முழுதாகத் திருப்பினேன். போத்தல் சீறியது. வெள்ளைப் புகை வளவெல்லாம் பரவியது. கோழிகள் கூரைக்கு ஏறின. என் விரல்கள் குளிரில் சுட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் காலிதீன் தன் ஆட்களோடு வந்து வேலிக் கடப்படியில் நின்றான். போத்தல் சீறி ஓய்ந்தது. சிரிப்பு வாயு என்று குணம் அண்ணன் சொல்லியிருந்தார். எங்கள் வளவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"மச்சி, என்ன வேல செஞ்சிட்டீங்க?" என்று காலிதீன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நான்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவ்வளவு நாளும் ஐஸ் வச்சிப் போத்தலக் கெடுத்ததும் நான்தான். என்ட புருசன்ட வேலையில ஒரு குறையும் இல்ல. அவருக்கு ஒண்டும் தெரியா."

காலிதீன் எனக்குப் பின்னால் பார்த்தான். என் கணவர் வாசலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், கேட்டியா இவட கதைய?"

"பொய்" என்றார் அவர். "எனக்கு மொதல்லயே தெரியும். அந்த ரோட்டில அந்த வேகத்தில ஓட எனக்குப் பயம் காலிதீன். அதான் விட்டுட்டு இருந்தன்."

 பள்ளியில் பாங்கு கேட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவால் வெளியே போனார். கடப்பைத் தாண்டும்போது திரும்பி, "றாஹிலா, வந்து சாப்பிடுறன்" என்றார்.